முப்பத்தாறில் முப்பத்திநாலு

பிப்ரவரி 5, ஞாயிறு

நான் தாளைக் கிழித்தெறியவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். கோயில் பேரவையில் என்னோடு இருக்கும் ஸ்டெல்லா இந்நேரம் பாளையங்கோட்டையில் பாதிப் பேரிடம் அப்படித்தான் சொல்லி முடித்திருப்பாள். நான் தாளை நான்காக மடித்தேன். பலமுறை அழித்து அழித்து எழுதிய தாள் என்பதால் மடிப்பில் விட்டுப்போனது. அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் உண்மை. பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, அட்டவணை முடியவில்லை என்று நானே சொன்னேன்.

எங்கள் கோயில் பங்கில் தெருவாரியாகப் பிரித்த ஆறு குடும்பக் குழுக்கள் இருக்கின்றன. அன்பியம் என்று பெயர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், ஆதரவற்றவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கிற ஆறு இல்லங்களுக்கு மதிய உணவு கொண்டுபோவார்கள். இட்லி, பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி, கஞ்சி என்று ஆறு உணவு. ஒவ்வொன்றுக்கும் கோயிலில் ஒரே ஒரு பெரிய பாத்திரம்தான், எனவே ஒரே வெள்ளியில் இரண்டு குழுக்கள் ஒரே உணவைச் சமைக்க முடியாது. சென்ற ஆண்டு தொழுநோயாளர் இல்லத்துக்குத் தொடர்ந்து மூன்று வாரம் தயிர்சாதம் போயிற்று. அங்கே இருந்த ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். "ஏம்மா, ஒங்க கோயில்ல மாடு நெறைய நிக்குதோ?"

அந்த அவமானத்தில்தான் ஜனவரியில் வாக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒருமுறை போகும், ஒவ்வோர் உணவையும் ஒருமுறை சமைக்கும், ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒவ்வோர் உணவும் ஒரே ஒருமுறை போய்ச் சேரும். ஆறு வாரம், ஆறு குழு, மொத்தம் முப்பத்தாறு கட்டம். பங்குத்தந்தை அமலன் "முடியுமாம்மா?" என்றார். டிரங்க் டெலிபோன் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தபோது நாற்பது பெண்களுக்கு மூன்று ஷிப்டில் டூட்டி சார்ட் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா அது? சிரித்துவிட்டேன்.

இன்று ஸ்டெல்லா சிரித்தாள். "ஆன்ட்டி, வயசாச்சுல்லா, விடுங்க. நாங்க சீட்டு குலுக்கிப் போட்டுக்கிடுதோம்."

"பத்தொன்பதாம் தேதி கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வருவேன்" என்றேன்.

பிப்ரவரி 6, திங்கள்

பெங்களூரிலிருந்து பெலிக்ஸ் பேசினான். ஸ்டெல்லாவின் மகள் வழியாகச் செய்தி போயிருக்கிறது.

"அம்மா, கோவப்படாதீங்க. கிறிஸ்துமஸுக்கு நீங்கதான சொன்னீங்க?"

"நான் நிறைய சொன்னேன். எது?"

"என்னைக்கு என்னால ஒரு டூட்டி சார்ட் போட முடியாமப் போகுதோ, அன்னைக்கு நீ காரை எடுத்துட்டு வான்னு."

சொன்னேன்தான். அடுப்பில் பால் வைத்து மறந்து பாத்திரம் கருகிப்போனது என்று அவனும் மருமகளும் என்னை டாக்டரிடம் அழைத்துப்போய் வந்த அன்று சொன்னேன். நல்ல டாக்டர், சின்ன வயது. கடிகாரம் வரையச் சொன்னார்; ரோமன் எண்களில் வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அறுபத்தைந்தில் போதும் என்றார், நான் இரண்டு வரை போய்த்தான் நிறுத்தினேன். மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதில் ஒன்றை நான் சொல்லவில்லை. நினைவில் வைக்கத் தகுந்த சொல்லாக அது இல்லை.

"ரூம் ரெடியா இருக்கும்மா. பாத்ரூம்ல கைப்பிடியெல்லாம் வச்சாச்சு" என்றான்.

"பத்தொன்பதாம் தேதி வரை பொறு" என்றேன். "அன்றைக்கும் முடியவில்லை என்றால் நானே கூப்பிடுகிறேன்."

கைப்பிடி வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை.

பிப்ரவரி 8, புதன்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. முருங்கைக் கிளையை வெட்ட ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை.

டூட்டி சார்ட் போடுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் வாரத்தை எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த வாரம் ஒவ்வொரு படியாக நகர்த்துவது. இல்லத்தை ஒரு படி நகர்த்தினால் சரியாக வருகிறது. உணவையும் ஒரு படி நகர்த்தினால் இட்லி எந்நாளும் ஒரே இல்லத்துக்கே போகும். இரண்டு படி நகர்த்தினால் நான்காவது வாரம் முதல் வாரத்து உணவே வந்து நிற்கிறது. மூன்று படியென்றால் அதைவிட மோசம். பின்னோக்கி ஒரு படி நகர்த்தினேன். குழுக்களுக்கு எல்லாம் சரி, ஆனால் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரே உணவு இரண்டுமுறை போகிறது.

எனவே நகர்த்துவதை விட்டுவிட்டேன். பழைய வாழ்த்து அட்டைகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, இல்லத்தின் பெயரும் உணவின் பெயரும் எழுதிச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருக்கிறேன். அடுக்களையில் நின்றபடி சாப்பிடுகிறேன்.

பிப்ரவரி 9, வியாழன்

முப்பத்திநாலு கட்டம் சரி.

இரண்டு உதைக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் வேறு நான்கு கலைகிறது. அந்த நான்கையும் சரிசெய்தால் முதல் இரண்டும் வேறு வேஷத்தில் வந்து நிற்கின்றன. வெயில் அதிகம். பென்சிலும் சரியில்லை.

பிற்பகல் தங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி விரைவுத் தபாலில் போட்டேன். திண்டுக்கல் மடத்தில் எல்லோரும் அவளை சிஸ்டர் லூயிஸ் மேரி என்கிறார்கள். கல்லூரியில் கணிதப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி இறுதி வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து, ஒவ்வொரு தேர்விலும் கணக்கில் மட்டும் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவள். நான் உதவி கேட்கவில்லை. முப்பத்திநாலு கட்டம் போட்டுவிட்டேன், பார்வையிட்டு அனுப்பவும் என்றுதான் எழுதினேன்.

பிப்ரவரி 11, சனி

காலை நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். நேற்றைய தாளையும் சேர்த்து இரண்டு தாள் கிழிக்க வேண்டியிருந்தது.

நேற்று பத்தாம் தேதி. அவருடைய நினைவு நாள்.

அவர் பெயரில் பூசைக்குக் கொடுக்கவில்லை. கல்லறைக்குப் போகவில்லை. அட்டவணை வேலை.

பிப்ரவரி 12, ஞாயிறு

பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சவரிராயன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். உயிரோடு இருந்தவரை என் பிறந்தநாள் அவருக்கு ஒருமுறைகூட நினைவில் இருந்ததில்லை. நான் அதைச் சொல்லிக்காட்டாத ஆண்டும் இல்லை.

வெளியே வரும்போது ஞானப்பூ வழியில் நின்றாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். மீன் விற்கிறாள். அங்கே உள்ள குடும்பங்களெல்லாம் ஸ்டெல்லாவின் அன்பியத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தனி அன்பியமாகப் பிரித்துவிடுங்கள் என்று மூன்று ஆண்டாகப் பேரவையில் கேட்கிறாள்.

"அம்மா, தவக்காலத்துக்கு முன்ன எங்களத் தனியா பிரிச்சுவிடச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா சாமியாரு கேப்பாரு."

"நம் கோயிலில் எப்போதும் ஆறுதான். ஏழு வழக்கமில்லை" என்றேன். ஆறையே சமாளிக்க முடியாமல் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

"வழக்கம் எப்பவாச்சும் ஆரம்பிக்கத்தானம்மா செய்யணும்" என்றாள். நான் நிற்கவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

முப்பத்திநாலு. வேறு வழியில் போட்டாலும் முப்பத்திநாலு.

பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று மேசையில் உட்காரவில்லை. பட்டுப்புடவைகளை வெயிலில் போட்டு எடுத்தேன். பெங்களூரில் குளிர் என்பார்கள், எனவே கம்பளிச் சால்வையையும் எடுத்து வைத்தேன். செம்பருத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பக்கத்து வீட்டில் பேச வேண்டும். தையல் மெஷின் பெங்களூர் வீட்டில் எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. அதை ஸ்டெல்லாவுக்குக் கொடுக்கமாட்டேன்.

முன்பெல்லாம் ஒரு டூட்டி சார்ட் கையில் எடுத்தால், எந்தப் பெண் எந்தக் கட்டத்தில் வருவாள் என்று எழுதும் முன்பே தெரியும். இப்போது அது தெரியவில்லை. அப்படி ஒன்று போனால், போனது போனவருக்குத் தெரியுமா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

நாளை பெலிக்ஸைக் கூப்பிடலாம். பத்தொன்பது வரை இழுப்பதில் பொருளில்லை.

பிப்ரவரி 15, புதன்

பெலிக்ஸைக் கூப்பிடவென்று போனைக் கையில் எடுத்தேன். அது மணியடித்தது. தங்கம்.

"ஏட்டி ஜெர்த்தி, ஒன் கணக்கு வந்து சேந்துச்சு."

"சிஸ்டர் லூயிஸ் மேரியா பேசுதீங்க?"

"தங்கம்தான் பேசுதேன், ரொம்பப் பவுசு பண்ணாத. ஒன்னால முடியாதுட்டி."

வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"கேக்கியா? ஒன்னால முடியாது, என்னால முடியாது, போப்பாண்டவரால முடியாது. ஆறுக்கு ஆறு வராது. யாரு போட்டாலும் வராதுன்னு நிரூபிச்சே முடிச்சாச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "யார் நிரூபித்தது?"

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்கிறேன். இருநூறு ஆண்டுக்கும் முன்னால் ரஷ்யாவில் ஆய்லர் என்று ஒரு கணித மேதை இருந்தார். ஆறு படைப்பிரிவு ஒவ்வொன்றிலிருந்தும் பதவிக்கு ஒருவராக ஆறு பேர், மொத்தம் முப்பத்தாறு அதிகாரிகளைச் சதுரமாக நிறுத்த வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எந்த வரிசையிலும் ஒரே பிரிவோ ஒரே பதவியோ இரண்டுமுறை வரக்கூடாது. குழுவையும் வாரத்தையும் வரிசைகளாகவும், இல்லத்தைப் பிரிவாகவும், உணவைப் பதவியாகவும் மாற்றி வைத்தால் அதேதான் என் அட்டவணை. அவர் முயன்று பார்த்தார், வரவில்லை. வராது என்றே நினைத்தார். ஆனால் வராது என்பதை அவரால் நிரூபிக்கவும் முடியவில்லை. எப்படியும் போட்டுவிடலாம் என்று நம்பி உட்கார்ந்தவர்களெல்லாம் தோற்று எழுந்தார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, அல்ஜீரியாவில் வேலை பார்த்த ஓர் அரசு அதிகாரி, இருக்கிற எல்லா வழிகளையும் வகை பிரித்துக் கையாலேயே போட்டுப் பார்த்து, ஒன்றும் தேறாது என்று முடித்துவைத்தார்.

"அந்த ஆய்லருக்கு அப்போது என்ன வயது?" என்று கேட்டேன்.

"எழுவது தாண்டியாச்சு. கண்ணும் தெரியாது. அவரு சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதுவாங்க."

"புத்தி?"

"ஒன்ன விட நல்லா இருந்துச்சு." தங்கம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஜெர்த்தி, இதக் கேளு. முப்பத்திநாலுக்கு மேல எவனாலும் போக முடியாது. அதுதான் கடைசி எல்லை. நீ மேசையில அட்டைய வச்சிக்கிட்டு அதுவரைக்கும் போயிருக்க. எங்க எம்.எஸ்.சி. பிள்ளைங்க போகமாட்டாங்க" என்றாள்.

மூக்கை உறிஞ்சினேன்.

"அழுதியா?"

"சளி."

"எனக்கு இது முன்னமே தெரியும்ட்டி. ஒன் லெட்டரப் பாத்ததும் ஞாபகம் வந்துச்சு. இருந்தாலும் நீ முப்பத்திநாலுன்னு எழுதியிருந்தியா, நான் ஒரு முப்பத்தஞ்சு போட்டுக் காட்டிரலாம்னு மூணு நாளா உக்காந்தேன்."

"தெரிந்துகொண்டேவா?"

"தெரிஞ்சுக்கிட்டேதான். மதர் வந்து என்ன சிஸ்டர் சாப்பிட வரலியான்னு கேக்காங்க."

எழுபத்தெட்டு வயதில் இரண்டு கிழவிகள், முடியாது என்று உலகம் முடித்துவைத்த கணக்கை ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து போட்டிருக்கிறோம். நானும் சிரித்துவிட்டேன்.

"ஆய்லரு இன்னொண்ணும் சொன்னாரு" என்றாள் தங்கம். "ஆறு மாதிரியே பத்துக்கும் வராது, பதினாலுக்கும் வராதுன்னு. அதுல அவரு நெனப்புல மண்ணு விழுந்துச்சு. நாம ஒன்பதாங்கிளாஸ் படிக்கும்போது பத்துக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. மூணு பேரு, அதுல ரெண்டு பேரு நம்ம நாட்டுல பொறந்தவங்க. ரெண்டையும் ஆறையும் தவிர எல்லாத்துக்கும் வரும். ஒனக்குன்னு பாத்து ஆறு வந்து அமைஞ்சிருக்கு பாரு."

"அப்படியென்றால் ஐந்துக்கும் ஏழுக்கும்?"

"கண்ண மூடிக்கிட்டு வரும். எப்படின்னு சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன். "நீ சொன்னதையெல்லாம் தாளில் எழுதி அனுப்பு. எப்படி என்பதை மட்டும் எழுதாதே."

பெலிக்ஸைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

ஐந்தாகக் குறைக்கலாம். குறைத்தால் ஓர் இல்லத்துக்குப் போய், இந்த ஆண்டு உங்களுக்கு நாங்கள் வரவில்லை என்று சொல்ல வேண்டும். யார் சொல்வது? நான் சொல்லமாட்டேன்.

ஏழு என்றால் ஏழு வெள்ளி வேண்டும். இயேசு இறந்த பெரிய வெள்ளியையும் சேர்த்தால் தவக்காலத்தில் ஏழு வெள்ளி வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினேன். இத்தனை நாள் அந்த ஒன்றை யாரும் எண்ணவில்லை, நான் உள்பட.

இல்லத்தை வாரம் ஒரு படி, உணவை வாரம் இரண்டு படி நகர்த்தினேன். எங்கள் டெலிபோன் நிலையத்துப் பழைய முறையேதான். ஆறில் நான்காவது வாரம் திரும்பி வந்து முட்டிய உணவு, ஏழில் எட்டாவது வாரம்தான் திரும்புகிறது. எட்டாவது வாரம் நமக்கு இல்லை. நாற்பத்தொன்பது கட்டமும் தேநீர் ஆறும் முன்பே நிரம்பிவிட்டன. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். எதுவும் உதைக்கவில்லை.

முறையில் தவறில்லை. போட்டவளிடமும் இல்லை. எண்ணிக்கைதான் இடம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

ஆட்டோ பிடித்து வாரியக் குடியிருப்புக்குப் போனேன். ஞானப்பூ வாசலில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏழாவது அன்பியம் வேண்டும். ஞாயிறு பேரவையில் நானே கேட்கப்போகிறேன்" என்றேன்.

"ஏழு வழக்கமில்லன்னு போன ஞாயித்துக்கிழமதான சொன்னிய?"

"சொன்னேன்."

"இப்ப என்ன வந்துச்சு?"

"ஆறில் கணக்கு வராது. ஏழில் வருகிறது."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப எங்க மேல பாசத்துல வரல. கணக்குக்கு ஆள் பத்தலன்னு வந்திருக்கிய."

"ஆமாம்."

அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "அது போதும்மா. பாசம்னு சொல்லிட்டு வந்தவுகல்லாம் எங்களப் பாத்திரம் வெளக்கத்தான் வச்சாக. சமைக்க விட்டதில்ல. உக்காருங்க, காப்பி குடிங்க."

ஏழாவது உணவு சொதி, தேங்காய்ப்பால் குழம்பும் சோறும், என்று அவள்தான் சொன்னாள். பாத்திரமும் அவளிடமே இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. ஏழாவது இல்லம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஆதரவற்ற பெண்கள் காப்பகம்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறொன்றை யோசித்தேன். ஆறில் அட்டவணை வராததால் என் புத்தி போய்விட்டது என்று ஆகாது. அதேபோல, ஏழில் வந்துவிட்டதால் புத்தி அப்படியே இருக்கிறது என்றும் ஆகாது. பத்தாம் தேதி நடந்தது நடந்ததுதான். கணக்குச் சரியாக இருக்க வேண்டுமென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

தங்கத்தின் கடிதம் நேற்றே வந்துவிட்டது. கூட்டத்தில் படிக்கவில்லை. என் வாயாலேயே சொன்னேன்.

"ஆறு குழுவுக்கு நான் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதை யாராலும் காப்பாற்ற முடியாது என்பது நிரூபணமான விஷயம். விவரம் தெரிந்தவர்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது என் தவறு. இது ஏழுக்கான அட்டவணை."

ஸ்டெல்லா தாளை வாங்கிப் புளியோதரை எத்தனை இடத்தில் வருகிறது என்று விரல் வைத்துத் தேடினாள். பிறகு சப்பாத்தியைத் தேடினாள். பிறகு, "பெரிய வெள்ளிக்கிழமயில சொதியும் பொங்கலுமா? பாவம்லா ஆன்ட்டி?" என்றாள்.

"நோன்பு நமக்கு, காப்பகத்தில் இருக்கிறவர்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை. அறுபது ஆகிவிட்டால் திருச்சபையே விட்டுவிடுகிறது. உனக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, ஸ்டெல்லா?"

பங்குத்தந்தை குனிந்து சிரித்தார். ஸ்டெல்லாவும் சிரித்தாள் என்பதை எழுதியாக வேண்டும். ஏழாவது அன்பியத்துக்கு முதல் கையைத் தூக்கியது அவள்தான். அந்தக் குடும்பங்கள் போனால் அவளுக்குச் சந்தா வசூல் சுமை குறையும் என்பது வேறு விஷயம். கை கைதான்.

வெளியே வரும்போது ஞானப்பூ கேட்டாள், "மொத வெள்ளிக்கிழம நாங்க எங்க போறோம்?"

"தொழுநோயாளர் இல்லம். சொதி."

"காரம் தூக்கலா வைக்கட்டுமா?"

"வை."

பிப்ரவரி 20, திங்கள்

பெலிக்ஸுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள மகன் பெலிக்ஸுக்கு,

அம்மா எழுதுவது. நலம். இத்துடன் ஏழு வார அட்டவணையையும், சிஸ்டர் லூயிஸ் மேரி எழுதிய விளக்கத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் படி. டூட்டி சார்ட் போட முடியாத நாளில் காரோடு வரச் சொன்னேன். யாராலும் போட முடியாத சார்ட்டைப் போடாமல் விட்டது அதில் சேராது.

உனக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை, எனவே நானே சொல்கிறேன். அப்பாவின் நினைவு நாளை இந்த ஆண்டு மறந்துவிட்டேன். ஒரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பால் கருகியதும் உண்மை. டாக்டர் சொன்ன மூன்றாவது சொல் எனக்கு நினைவு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. இது கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் இது வீட்டைப் பூட்டும் அளவுக்கு வந்துவிட்டதா என்று போனில் ஒரு நிமிடத்தில் முடிவு செய்யக்கூடாது.

நான் கேட்பது இது. தானாக அணையும் அடுப்பு ஒன்று வாங்கி வா. தினமும் காலையில் மீன் விற்க வரும் ஞானப்பூ என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள் எண்ணை உனக்குத் தருகிறேன், எனக்குத் தெரியாமலும் நீ அவளிடம் பேசிக்கொள்ளலாம். ஜூன் மாதம் அதே டாக்டரிடம் நானே வருகிறேன். மறுபடி சோதிக்கட்டும். மோசமாகியிருக்கிறது என்று அவர் சொன்னால், கைப்பிடி வைத்த அந்த அறைக்கு வாய் பேசாமல் வந்துவிடுவேன். சொல்லவில்லை என்றால் இந்த வீட்டில்தான் இருப்பேன்.

ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வா. பெரிய வெள்ளிக்கு முந்தின நாளே வந்துவிட்டால் நல்லது, வெள்ளியன்று பாத்திரம் தூக்க ஆள் வேண்டும்.

இதற்குச் சம்மதமா இல்லையா என்பதைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம்.

அம்மா
ஜெர்த்ரூது சவரிராயன்